கிணற்றடி மூர்த்திகளும் சர்வரில் கிடக்கும் பதிவுகளும்

1950ஆம் ஆண்டு திருகோணமலை நகரசபை ஒரு கிணறு வெட்டியது. இடம், சிவனுக்குரிய கோணேசர் கோயில் இருந்த சுவாமிமலையிலிருந்து அதிக தூரமில்லை. தண்ணீர் தேடித் தோண்டிய குழியிலிருந்து வெண்கல மூர்த்திகள் வெளிவந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. சோழர் கால வார்ப்பு என்று கலை அறிந்தவர்கள் மதிப்பிட்ட திருமேனிகள். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்துத் தள்ளியபோது, கைக்கெட்டிய மூர்த்திகளைச் சிலர் தூக்கிக்கொண்டு ஓடி மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். இடித்த கோயிலின் கற்கள் கோட்டை கட்டப் போயின. இன்று பிரட்றிக் கோட்டை என்று அழைக்கப்படும் அதன் வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டும் இன்னமும் தெரிகின்றன.

புதைத்தவர்கள் மிக நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். படை கண்டுபிடிக்கவில்லை, உருக்கி விற்பவன் கண்டுபிடிக்கவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கோணேசரின் அடியார்களும் கண்டுபிடிக்கவில்லை. இடம் தெரிந்தவர்கள் இறந்தார்கள். இடமும் அவர்களோடு மறைந்தது. மூர்த்திகள் திரும்பிவந்ததற்குக் காரணம் ஒரு நகரசபையின் தண்ணீர்த் தேவை.

அதே நகரத்தில் இன்று வேறொரு வகைப் பொருளுக்கு இடம் தேடப்படுகிறது. உட்துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் ஏதோ ஓர் அறையின் மூலையில் ஒரு சர்வர் ஓடுகிறது. அதற்குள் பெயர்களும் பிறந்த திகதிகளும் கடன் கணக்குகளும் நோயாளர் குறிப்புகளும் இருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தின் கோப்புகளை எந்த டிஸ்க்கில், எந்த அடைவில் வைப்பது என்பதை ஒருவர் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலும் அது இளம் வயதுப் பொறுப்பாளர் ஒருவரின் தலையில் விழுகிறது. இது வெறும் தொழில்நுட்பக் கேள்வி என்றே அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆனால் ஒரு பொருள் அது இருக்கும் இடத்தோடு எவ்வளவு பிணைந்தது, இடம் போனால் பொருளும் போய்விடுமா என்ற கேள்வியைச் சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்திருக்கின்றன. சர்வர் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அறியாமலே அந்த விவாதத்துக்குள் நுழைந்துவிடுகிறார்.

முதலில் தொழிலின் பக்கத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவினால் அது தன் கோப்புகளை ‘வார்’ என்ற அடைவின் உள்ளே ‘லிப்’ என்பதற்குள் வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளும் அந்த அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கும். நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும் பொருள்களுக்கென்று ஒதுக்கிய இடம் ‘வார்’. சர்வர் எழுதும் லாக் குறிப்புகளும் அங்கேதான் சேர்கின்றன. சிறிய அலுவலகங்களில் இயங்குதளம், லாக், தரவுத்தளம் மூன்றும் ஒரே டிஸ்க்கின் ஒரே பகுதியில் கிடக்கும். யாரும் கவனிக்காத ஒரு லாக் கோப்பு வீங்கி டிஸ்க்கை நிரப்பினால் தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றுவிடும். சம்பளப் பட்டியல் போடும் நாளில் இது நடந்தால் அந்த அலுவலகத்தின் முகம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் அனுபவசாலிகள் தரவுக்குத் தனி டிஸ்க் கேட்கிறார்கள். வசதியிருந்தால், நடந்த மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்புகளுக்கு இன்னொரு டிஸ்க்கும் கேட்கிறார்கள். ஒன்று பழுதானாலும் மற்றதைக் கொண்டு இழந்ததை மீட்கலாம்.

பிறகு இடமாற்றம். சேவையை நிறுத்த வேண்டும். எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே நகலெடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒன்று கிடைக்கும், அது எதற்கும் உதவாது. உரிமையாளர் பெயரும் அனுமதிகளும் கெடாமல் நகலெடுக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் புதிய முகவரியை எழுத வேண்டும். உபுண்டுவில் ஆப்ஆர்மர் என்றொரு காவலாளி உண்டு. மைஎஸ்க்யூஎல் எந்தெந்த அடைவுகளைத் தொடலாம் என்ற பட்டியல் அதன் கையில். அதனிடம் சொல்லாமல் வீடு மாறினால் சேவை எழாது. புதியவர்கள் பலர் இங்கேதான் டிஸ்க் கெட்டுவிட்டதென்று பயந்து இரவு முழுவதும் விழித்திருப்பார்கள்.

இன்னும் நுட்பமான ஓர் ஆபத்து இருக்கிறது. புதிய டிஸ்க்கை ஓர் அடைவில் பொருத்துகிறோம். மின்வெட்டுக்குப் பிறகு சர்வர் எழும்போது ஏதோ காரணத்தால் அந்த டிஸ்க் பொருந்தவில்லை என்று வையுங்கள். அடைவு மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சேவையைத் தொடங்கும் நிரல் வெறுமையைக் கண்டு, இது புதிய இடம்போலும் என்று நினைத்து, அங்கேயே ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கிவிடலாம். எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும். பதிவுகள் மட்டும் இருக்காது. இதனால்தான் போஸ்ட்கிரெஸ்ஸின் கையேடு, டிஸ்க்கைப் பொருத்தும் அடைவிலேயே நேராகத் தரவை வைக்காதீர்கள், அதற்குள் இன்னோர் அடைவு அமைத்து அதில் வையுங்கள் என்று அறிவுரை சொல்கிறது. டிஸ்க் வராத நாளில் உள் அடைவும் காணாமல் போகும். சேவை முரண்டு பிடித்து நிற்கும். பொய்யாக ஓடுவதைவிட நின்றுவிடுவது எவ்வளவோ மேல்.

கோணேசர் மலையின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு காட்சி உண்டு. கோயில் இல்லாமல் போன பிறகும் அடியார்கள் அந்தப் பாறை விளிம்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். பிரித்தானியர் காலத்துக் குறிப்புகளில், மலையுச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் தேங்காயும் படைத்து வழிபட்ட காட்சி பதிவாகியிருக்கிறது. கருவறை இல்லை, மூர்த்தி இல்லை, கோபுரம் இல்லை. இருந்தும் அவர்கள் வெறும் பாறையைக் கோயில் என்று நம்பி ஏமாந்தவர்கள் அல்லர். இங்கே இருந்தது இப்போது இல்லை என்பதைத் தெளிவாக அறிந்தே வழிபட்டார்கள். அந்த அறிவை நூற்றாண்டுக் கணக்கில் கையளித்துவந்ததுதான் பிற்காலத்தில் கோயில் மறுபடி எழுவதற்கு அடித்தளமானது. 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது.

அப்படியானால் மூர்த்திகள் மண்ணுக்குள் கிடந்த காலத்தில் இறைவன் எங்கே இருந்தான்? சைவ சித்தாந்தம் இந்தக் கேள்விக்கு வெட்கப்படாமல் முகங்கொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்கள் கொண்டது. அதன் கடைசிச் சூத்திரம் திருக்கோயிலையும் அடியார் வேடத்தையும் சிவமெனவே கண்டு வழிபடச் சொல்கிறது. எங்கும் நிறைந்தவனை ஓரிடத்தில் ஏன் வழிபட வேண்டும் என்ற தடைக்கு அந்த மரபு தரும் விடை தமிழர் வீட்டு அடுக்களையிலிருந்து வருகிறது: பாலில் நெய் முழுவதும் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிவதில்லை, தயிரில் அதே நெய் விளங்கித் தோன்றுகிறது. இறைவன் எங்கும் பாலில் நெய்யாக இருக்கிறான், திருமேனியிலும் அடியாரிடத்தும் தயிரில் நெய்யாக விளங்குகிறான்.

இதன்படி பார்த்தால் வெண்கலம் இறைவனுக்கு வீடு என்று சொல்வதும் தவறு, வெண்கலம் வெறும் உலோகம் என்று தள்ளுவதும் தவறு. தகவலுக்கும் இது பொருந்தும் என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது. ஒரு பெண்ணின் பெயரும் அவள் பெற்ற கடனும் அவள் கட்டிய தவணையும் காந்தத் தட்டின் புள்ளிகளோ சிலிக்கனில் சிறைப்பட்ட மின்னூட்டமோ அல்ல. தட்டு மாறினாலும் அவள் கட்டிய தவணை கட்டியதுதான். ஆனால் எந்தத் தட்டிலும் அது விளங்கவில்லையென்றால், வங்கியின் முன் நிற்கும்போது அவளால் அதைக் காட்ட முடியாது. உண்மை எங்கோ இருக்கிறது என்ற ஆறுதல் அவளுக்கு உதவாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலும் மூதூரிலும் கரையோரக் கிராமங்களிலும் மக்கள் இதை அனுபவித்தார்கள். வீட்டோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் கடலோடு போயின. கிண்ணியா மருத்துவமனையையும் அலை அழித்தது. தான் யார், தன் நிலம் எது என்பதைத் தாள் இல்லாமல் நிரூபிக்க வேண்டிய நிலை, வீடிழந்த துயரத்தின் மேல் ஏறிய இன்னொரு சுமை.

இடத்தை மாற்றுவது பற்றியும் சைவ மரபுக்குத் தெளிவான முறை இருக்கிறது. கோயிலைத் திருத்த வேண்டுமானால் முதலில் பாலஸ்தாபனம். மூலமூர்த்தியின் முன் நூல் சுற்றி மாவிலையும் தேங்காயும் வைத்த கும்பம் அமர்த்தப்படுகிறது. மந்திரக் கிரியையால் மூர்த்தியில் விளங்கும் கலைகள் கும்பத்துக்கு எழுந்தருள்விக்கப்படுகின்றன. கும்பம் பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னிதிக்குப் போகிறது. அன்றிலிருந்து திருப்பணி முடியும்வரை பூசை அங்கேதான். கருவறையில் கல் இருந்தாலும் அதற்குப் பூசையில்லை. கொத்தனும் தச்சனும் உள்ளே போய் வேலைசெய்யலாம். கும்பாபிஷேகத்தன்று மறுபடி கும்பத்தின் வழியாகவே கலைகள் மூலமூர்த்திக்குத் திரும்புகின்றன. இந்த ஒழுங்கில் கவனிக்க வேண்டியது, எந்த நேரத்திலும் வழிபாட்டுக்குரிய இடம் எது என்பதில் ஐயமே இல்லை. பழைய இடமும் புதிய இடமும் ஒரே வேளையில் உரிமை கோருவதில்லை. தரவுத்தளத்தை மாற்றுகிறவர்களின் பெரிய அச்சமும் இதுதான்: பாதிப் பேர் பழைய சர்வரில் எழுத, மீதிப் பேர் புதியதில் எழுத, இரண்டும் உண்மை, இரண்டும் குறை என்ற நிலை வந்துவிட்டால் அதைச் சரிசெய்யக் கிழமைகள் ஆகும். சிவாச்சாரியார் ஒருவர் இந்த வேலையைப் பார்த்தால் முறை தனக்குத் தெரிந்ததுதான் என்பார்.

கிரியை பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம், 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப் நிறுவனத்தில் நடந்தது. நிரல் எழுதுவோர் தங்கள் வேலைகளைச் சேமித்துவைக்கும் தளம் அது. இரண்டு தரவுத்தள சர்வர்களில் துணைச் சர்வரின் அடைவை அழிப்பதாக நினைத்து, களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர் முதன்மைச் சர்வரின் அடைவை அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. நடந்ததை அந்த நிறுவனம் மறைக்காமல் மணிவாரியாக எழுதி வெளியிட்டது. 

ஓரிடத்தை நம்புவது பற்றிய அனுபவமும் சமயங்களுக்கு நிறைய. திருஞானசம்பந்தர் இராமேச்சரத்திலிருந்தபடியே திருக்கோணமலையைப் பாடினார் என்று பெரியபுராண மரபு சொல்கிறது. இடிக்கப்பட்ட பழைய கோயில் இல்லை, பதிகம் இருக்கிறது. அது இருப்பதுகூட மயிரிழையில்தான். தேவாரம் பாடிய மூவரின் ஏடுகள் தில்லையில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்து கறையான் அரித்தது போக மிஞ்சியவற்றையே இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது சைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. ஒரு பூட்டிய அறை, ஒரே ஒரு பிரதி. இழந்தவை எத்தனை என்று எண்ணினால் நெஞ்சு அடைக்கிறது. ஏடுகளில் தப்பாத ஒரு சம்பந்தர் பதிகம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் திருவிடைவாயில் கிடைத்தது. எவரோ ஒருவர் அதை அந்தக் கோயிலின் கல்லில் வெட்டிவைத்திருந்தார். ஏட்டுக்கு வந்த கறையான் கல்லுக்கு வரவில்லை.

மற்றச் சமயங்களும் இதே பாடத்தைத் துன்பத்தில்தான் கற்றன. மனனம் செய்தவர்களின் நெஞ்சிலே இருந்த திருக்குர்ஆன், 633ஆம் ஆண்டளவில் யமாமா போரில் ஓதுவோர் பலர் வீழ்ந்த பிறகு ஏட்டில் தொகுக்கப்பட்டது. கலீபா உஸ்மான் காலத்தில் அதன் பிரதிகள் வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. கிண்ணியாவின் மதரசாக்களில் இன்றும் பிள்ளைகள் முழுக் குர்ஆனையும் மனனம் செய்கிறார்கள். ஏடு வந்தது என்பதற்காக நெஞ்சைக் கைவிடவில்லை. இலங்கையிலேயே கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சமும் போரும் பிக்குகளின் உயிரைக் குடித்த காலத்தில், வாய்வழி வந்த திரிபிடகம் மாத்தளை அலுவிகாரையில் ஓலையில் எழுதப்பட்டது.

கோணேசரின் மூர்த்திகளும் எல்லாமே ஒரே குழிக்குள் போகவில்லை. சிலவற்றை அடியார்கள் உள்நாட்டுக்குக் கொண்டுபோய் மறைத்துவைத்து, பின்னர் தம்பலகாமத்து வயல்களுக்கு நடுவே ஆதிகோணேசர் ஆலயத்தில் எழுந்தருளச் செய்தார்கள் என்பது அவ்வூர் மரபு. துறைமுகத்தின் பீரங்கிகள் எட்டாத தூரம். அங்கே பூசை நிற்கவில்லை என்பார்கள். கோயிலில் இருந்த தமிழ்க் கல்வெட்டின் நகல் ஒன்றை, இடித்த தளபதியே எடுத்துப் போர்த்துக்கலுக்கு அனுப்பினார். அது லிஸ்பன் அஜூடா நூலகத்தில் தங்கியது. கடலுக்குள் விழுந்த தூண்களையும் கற்களையும் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டார்கள். ஆக, மண், வயல்வெளிக் கிராமம், பகைவரின் நூலகம், கடலடி என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடந்த ஒரு கோயில் இது. சிதறியதால் பிழைத்தது.

ஓரிடத்தில் குவித்தால் என்ன நடக்கும் என்பதை இலங்கை அண்மையிலும் கண்டது. 2023 ஆகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் என்ற அரச சேமிப்பகத்தைப் பணம் பறிக்கும் மென்பொருள் தாக்கியது. அரச மின்னஞ்சல்களைப் பயன்படுத்திய அலுவலகங்கள், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களை இழந்தன. அந்தக் காலத்துக்குரிய பேக்கப்பும் தாக்குதல் எட்டும் இடத்திலேயே இருந்தது. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோனில் அரச தரவு மையம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டுவைத்த 858 டெராபைட் சேமிப்பு எரிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லையாம். தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது.

திருகோணமலையின் சீனன்குடா காட்டுக்குள் போனால் இதற்கு எதிரான சிந்தனையை இரும்பில் காணலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கன மீற்றர் கொள்ளும். இத்தனை எண்ணெய்யை ஒரே பெரிய குதத்தில் ஊற்றாமல், மரங்களுக்கிடையே இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு குதம் நாள்கணக்கில் எரிந்தது. அந்தத் தீ மற்றவற்றைக் கொண்டுபோகவில்லை. 2022இல் அந்தக் குதங்களை எண்ணெய் நிறுவனங்களுக்கிடையே பங்கிட்டு ஒப்பந்தம் எழுதும் அளவுக்கு அவை இன்னும் மதிப்புள்ளவை.

பரப்பி வைத்தால் மட்டும் போதுமா? மறுபடி அந்த வெண்கல மூர்த்திகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சேமிப்புக் கலையின் அளவுகோல்களால் அளந்தால் அந்தக் குழிக்குக் குறை சொல்ல முடியாது. முதன்மை இடத்திலிருந்து தள்ளி, பகைவன் கைபடாமல், அழியாத உலோகத்தில் இருந்தன. ஆனாலும் அந்த முந்நூறு ஆண்டுகளில் ஒருநாளும் அவற்றுக்குத் தீபம் காட்டப்படவில்லை, ஒரு குழந்தையும் அவற்றைக் கும்பிடவில்லை. பூசை விடுபட்ட மூர்த்திக்குப் பிராயச்சித்தமும் சம்புரோட்சணமும் செய்தே மறுபடி வழிபட வேண்டும் என்று ஆகமம் விதிப்பது இந்த இடைவெளியை அறிந்துதான். தம்பலகாமத்துக்குப் போன மூர்த்திகளுக்கு அந்த நிலை வரவில்லை, ஏனென்றால் அவற்றோடு மனிதர்களும் போனார்கள். குருக்கள், தொழும்பாளர், நெல் கொடுத்த கமக்காரர் எல்லோரும் அந்தச் சேமிப்பின் பகுதிகள். திருமேனியோடு அடியாரையும் சேர்த்து வழிபடச் சொன்ன மெய்கண்டாரின் சொல் இங்கே முழுப் பொருள் பெறுகிறது.

தரவுத்தளத்துக்கு இடம் தேர்வது ஓர் அறச்செயல் என்று இந்தக் கட்டுரை சொல்வதும் இதனால்தான். அந்தக் கோப்புகளில் இருப்பவை அடுத்தவர்களின் வாழ்க்கை. தேர்ந்த இடத்தைத் தன் தலைக்குள் மட்டும் வைத்திருக்கும் பொறுப்பாளர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், புதைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இறந்தவரின் நிலையில் இருக்கிறார். அந்த அடியார்களுக்காவது படை துரத்திய காரணம் இருந்தது. அலுவலகத்தில் இடமாற்றம் பெற்றுப் போகிறவருக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. கடவுச்சொல் ஒருவரிடம், டிஸ்க் அலமாரியில், எந்த டிஸ்க் எதற்கு என்பது எவருக்கும் தெரியாது என்ற நிலை நம் ஊர்களில் அரிதல்ல.

திருகோணமலையிலோ வேறெங்கோ ஒரு சங்கத்தின், ஒரு பள்ளியின், ஒரு கோயில் பரிபாலன சபையின் கணினிக்குப் பொறுப்பாக இருப்பவர் இதைப் படித்தால் அவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தரவுத்தளக் கோப்புகள் எந்த டிஸ்க்கில், எந்த அடைவில் இருக்கின்றன, அவற்றின் நகல் வேறு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அதை எப்படித் திறப்பது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, உங்கள் தலைவரிடமும் செயலாளரிடமும் கொடுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, உங்களுக்கு அடுத்து வரப்போகிறவரைக் கூப்பிட்டு, அந்தத் தாளை மட்டும் அவர் கையில் கொடுத்து, ஒரு பழைய கணினியில் அந்த நகலிலிருந்து முழுப் பதிவையும் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற இடங்களைத் தாளில் திருத்துங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள்.